ரோம் பியாட்சா வெனேசியா: அந்த வெள்ளை நினைவுச்சின்னத்துக்குள் ஏறிப் பார்க்கலாமா, வெளியே ஒரு போட்டோ போதுமா?

கயல்_கோவை:

வணக்கம். அம்மா, அப்பாவோடு ரோம் போகிறேன். கொலோசியம், வத்திக்கான், பாந்தியான் எல்லாம் முடிவாகிவிட்டது. குழப்பம் ஒன்றில்தான். பியாட்சா வெனேசியா சதுக்கத்தில் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் ராஜாவுக்குக் கட்டிய பிரம்மாண்டமான வெள்ளை நினைவுச்சின்னம் இருக்கிறதே, விட்டோரியானோ, அதற்கு நேரம் ஒதுக்கலாமா? போய் வந்தவர்கள் எல்லாரும் "எதிரே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள், உள்ளே ஒன்றும் இல்லை" என்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். யார் இந்த ராஜா, இவருக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டடம் என்று கேட்டுத் துளைக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படிகள் அதிகம் என்றால் யோசிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவரைபடம்:

கயல், கட்டாயம் உள்ளே போங்கள். ரோமில் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சதுக்கத்தில்தான் பஸ் மாறுவேன். கூட்டம் கூட்டமாக வந்து போட்டோ எடுத்துவிட்டு அப்படியே கொலோசியம் பக்கம் நடந்துவிடுவார்கள். மனசு அடித்துக்கொள்ளும்.

முதலில் அப்பாவின் கேள்வி. இந்த ராஜா 1820-இல் டூரின் நகரில் பிறந்தவர். 1849-இல் வடமேற்கில் இருந்த பியெட்மான்ட்-சார்டினியா நாட்டுக்கு ராஜா ஆனார். அப்போது இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது. தெற்கே நேப்பிள்ஸ் போர்பன் வம்சத்திடம், நடுவே ரோம் போப்பாண்டவரிடம், வடகிழக்கில் வெனிஸ் ஆஸ்திரியாவிடம் என்று துண்டு துண்டாகக் கிடந்தது. இவருடைய பிரதமர் காவூரின் ராஜதந்திரம், தொண்டர் படைத் தலைவர் கரிபால்டியின் படை, இவருடைய கிரீடம், மூன்றும் சேர்ந்துதான் ஒரு நாடு உருவாயிற்று. 1861 மார்ச் 17 அன்று இத்தாலியின் முதல் ராஜா ஆனார். ரோம் கைக்கு வந்தது 1870 செப்டம்பர் 20-இல், போர்த்தா பியா பக்கம் மதிலைப் பீரங்கியால் உடைத்து உள்ளே நுழைந்தபோது. 1878 ஜனவரியில் குவிரினாலே அரண்மனையில் இறந்தார்.

இறந்ததும் புதிய அரசு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப நினைத்தது. முதல் போட்டியில் ஜெயித்தவர் நெனோ என்ற பிரெஞ்சுக்காரர். நம் தேசத் தந்தைக்கு வெளிநாட்டுக்காரர் கட்டுவதா என்று ஒரே ரகளை. மறுபடி போட்டி வைத்து, ஜூசெப்பே சக்கோனி என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1885-இல் அடிக்கல். சக்கோனி 1905-இல் காலமானார், திறப்பு விழாவைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நாடு ஒன்றாகி 50 ஆண்டு நிறைந்த 1911-இல், ஜூன் 4 அன்று திறந்தார்கள். அதற்குப் பிறகும் சிற்பிகள் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். முழுதாக முடிந்தது 1935-இல்.

இதை எந்த இடத்தில் கட்டினார்கள் என்று அப்பாவைக் கவனிக்கச் சொல்லுங்கள். பழைய ரோமின் இதயமான கப்பிடோல் குன்றின் சரிவில், கோர்சோ வீதியின் நேர் முடிவில். அதுவரை ரோமில் எங்கே நின்றாலும் கண்ணில் படுவது புனித பேதுரு ஆலயத்தின் குவிமாடம்தான். போப்பிடமிருந்து நகரத்தைப் பறித்த அரசு, "நாங்களும் இங்கே இருக்கிறோம்" என்று கல்லில் சொன்ன பதில் இது. அப்படித்தான் நான் இதைப் படிக்கிறேன்.

அப்புறம் சிலை. ராஜா குதிரை மேல் இருக்கும் வெண்கலச் சிலை மட்டும் 12 மீட்டர் உயரம், 50 டன் எடை. பீரங்கிகளை உருக்கிய வெண்கலம். வார்த்து முடித்ததும், தொழிலாளர்களும் பெரியவர்களுமாகக் குதிரையின் வயிற்றுக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்து வெர்முத் குடித்தார்கள், அந்தப் போட்டோ இன்றும் இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் குதிரை சாதாரண அளவாகத்தான் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்து பாருங்கள், அப்போது புரியும்.

படி ஏறும்போது ராஜாவை மட்டும் பார்க்காதீர்கள். சிலையின் பீடத்தைச் சுற்றி 14 பெண் உருவங்கள் இருக்கும், பழைய பெருநகரங்கள் அவை. மேலே தூண் வரிசைக்கு நேராக 16 சிலைகள், நாட்டின் பகுதிகளுக்கு ஒவ்வொன்று. உச்சியில் இரண்டு வெண்கலத் தேர்கள், ஒன்று ஒற்றுமைக்கு, மற்றது சுதந்திரத்துக்கு. கீழே தரையோடு இரண்டு நீரூற்றுகள், இடது பக்கம் அட்ரியாட்டிக் கடல், வலது பக்கம் டிரேனியன் கடல். இத்தாலியின் கிழக்கும் மேற்கும் எப்படியோ அப்படியே. நடுவில் ராஜா, சுற்றிலும் நாடு முழுவதும். ஒரு வரைபடத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி.

கல்தச்சன்:

பழையவரைபடம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு கட்டடக் கலைஞனாக எனக்கு இதன் மேல் தீராத வருத்தம் உண்டு, அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் கல். ரோமின் கல் டிராவெர்டைன். வயசாக வயசாகத் தேன் நிறம் ஏறும், மாலை வெயிலில் ஊரே அந்த நிறத்தில் இருக்கும். இதற்குப் போட்டது வடக்கே பிரெஷா பக்கத்து பொத்திச்சீனோ பளிங்கு. வெள்ளை வெளேர் என்று இருக்கும், ஊரோடு ஒட்டவே ஒட்டாது. தேர்களையும் சேர்த்தால் 81 மீட்டர் உயரம், 135 மீட்டர் அகலம். ரோம் ஜனங்கள் இதைத் தட்டச்சு இயந்திரம் என்றும் கல்யாணக் கேக் என்றும் கூப்பிடுவது சும்மா இல்லை.

அதைவிடப் பெரிய வருத்தம், இதற்காக இடித்தது. அந்தச் சரிவு காலி மனையாக இருக்கவில்லை. இடைக்காலத்துச் சந்துகள் இருந்தன. மூன்றாம் பவுல் போப்பின் கோபுரம் இருந்தது. அராச்செலி மடத்தின் முற்றங்கள் இருந்தன. எல்லாம் போயிற்று. மைக்கேலாஞ்சலோ வாழ்ந்து 1564-இல் இறந்த வீடும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது, சதுக்கத்தை விரிவாக்கும்போது அந்தத் தெருவே மறைந்தது. இன்றைக்கு அங்கிருக்கும் ஒரு பெரிய கட்டடத்தின் சுவரில் ஒரு கல்வெட்டு மட்டும் இருக்கிறது. வெனேசியா அரண்மனையின் சிறிய மாளிகையைப் பிரித்தெடுத்துத் தள்ளி வைத்து மறுபடி கட்டினார்கள், கோர்சோவிலிருந்து வருகிறவர் பார்வையை அது மறைக்கிறது என்பதற்காக. ஒரு ராஜாவுக்கு வழி விட ஒரு மாளிகையே ஒதுங்கி நின்றது!

கயல், நீங்கள் போனால் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள், இரண்டுக்கும் டிக்கெட் வேண்டாம். நினைவுச்சின்னத்தின் இடது ஓரம், சாலை மட்டத்துக்குக் கீழே, கையஸ் புப்ளிசியஸ் பிபுலஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டு. பக்கத்தில் இவ்வளவு பெரிய பளிங்கு நிற்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வலது ஓரம், அராச்செலி தேவாலயப் படிக்கட்டுக்கு அருகே, பள்ளத்தில் ஒரு செங்கல் கட்டடம் தெரியும். அது பழைய ரோமின் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே கடைகள், மேலே வீடுகள். ராஜாக்களுக்கும் சீசர்களுக்கும் கட்டியதுதான் ரோமில் எங்கும் நிற்கிறது, சாதாரண ஜனம் வாடகைக்கு இருந்த வீடு நிற்பது அபூர்வம். பின்னால் அதற்குள் ஒரு சின்ன தேவாலயம் கட்டியதால்தான் அது பிழைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பாருங்கள், சுவரில் பழைய ஓவியத்தின் மிச்சம்கூடத் தெரியும். எனக்கு அந்தச் சதுக்கத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

தீவுக்காரி:

நான் யாழ்ப்பாணத்தவள், இப்போது பலெர்மோவில் இருக்கிறேன். எங்கட சனம் இங்கே நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரோசாலியா மாதாவைக் கும்பிட மலை ஏறுகிறவர்களில் பாதிப்பேர் எங்கட ஆட்கள்தான். இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த ராஜாவைப் பற்றி ரோமில் கதைப்பதும் சிசிலியில் கதைப்பதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டும்.

இத்தாலியின் முதல் ராஜா என்றீர்கள். அப்படியென்றால் ஏன் அவர் "இரண்டாம்" விக்டர் இம்மானுவேல்? பியெட்மான்ட்டில் அவருடைய குடும்பத்தில் முன்னரே ஒரு விக்டர் இம்மானுவேல் இருந்தார். புதிய நாட்டுக்கு ராஜா ஆன பிறகும் அந்த எண்ணை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. நாடு ஒன்றானது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், பியெட்மான்ட் பெரிதானது என்று தெற்கில் உள்ளவர்கள் நினைத்தார்கள். அந்த ஓர் எண் அவர்களுக்குச் சாட்சி.

1860 ஒக்டோபர் 21-இல் இங்கே வாக்கெடுப்பு வைத்தார்கள். சேர விருப்பம் 432,053 பேர், இல்லை என்றவர்கள் 667 பேர். இந்த எண்ணைப் பார்த்தாலே அந்த வாக்கெடுப்பு எப்படி நடந்திருக்கும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கும். அதற்குப் பிறகு கட்டாய இராணுவ சேவை வந்தது. போர்பன் காலத்தில் சிசிலிக்காரருக்கு அது இல்லை. வயலில் வேலை செய்ய வேண்டிய பிள்ளையை வருடக் கணக்கில் கூட்டிக்கொண்டு போனார்கள். 1866 செப்டம்பரில் பலெர்மோ சனம் எழும்பியது. ஏழரை நாள் நகரம் அவர்கள் கையில் இருந்தது, அதனால் அந்தக் கலகத்துக்கே "ஏழரை" என்றுதான் பெயர். ராஜாவின் கப்பல்கள் வந்து சுட்டுத்தான் அடக்கினார்கள். ரோமில் அந்தப் பளிங்குச் சின்னத்தின் மேலே சிசிலிக்கும் ஒரு வடிவான சிலை நிற்கிறது. இந்தக் கதை அதில் இல்லை.

ஆனாலும் கயல், போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ராஜாவுக்காக இல்லை, அவருக்குக் கீழே இருப்பவருக்காகப் போங்கள். அது பழையவரைபடத்துக்கு நல்லாத் தெரிந்திருக்கும், அவர் சொல்லட்டும்.

பழையவரைபடம்:

தீவுக்காரி அக்கா சொன்ன வாக்கெடுப்பு எண்ணை நான் மறுக்க முடியாது. தெற்கின் வலி அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை என்பதும் உண்மை. கல்தச்சன் சொன்ன இடிப்பும் உண்மை.

ஆனால் உள்ளே இருக்கும் ரிசோர்ஜிமென்டோ (இத்தாலி ஒன்றிணைந்த இயக்கம்) அருங்காட்சியகத்தில் ஒரு பூட்ஸ் இருக்கிறது, அதை அக்கா பார்த்தீர்களா? கரிபால்டியுடையது. சிசிலியையும் நேப்பிள்ஸையும் பிடித்து இந்த ராஜாவின் கையில் கொடுத்த அதே கரிபால்டி, 1862-இல் ரோமை மீட்கப் போகிறேன் என்று தொண்டர் படையோடு கிளம்பினார். அஸ்ப்ரோமொன்தே மலையில் அவரைத் தடுத்துச் சுட்டது இத்தாலிய அரசின் சொந்த ராணுவம். அந்தக் குண்டு பாய்ந்த பூட்ஸ் அது. கணுக்கால் பக்கம் தோலில் ஓட்டை, சுற்றிலும் கறுத்துப் போயிருக்கும். ராஜாவின் நினைவுச்சின்னத்துக்குள்ளேயே, ராஜாவின் படை சுட்ட பூட்ஸைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்றால் அப்பாவுக்கு நிறையச் சொல்ல இருக்கும்.

இப்போது அக்கா குறிப்பிட்டவர். பெயர் தெரியாத வீரர்.

முதல் உலகப் போர் முடிந்தது. லட்சக்கணக்கில் மாண்டவர்களில் ஏராளமானோரின் உடலை அடையாளமே காண முடியவில்லை. 1921-இல் வெவ்வேறு போர்முனைகளிலிருந்து அடையாளம் தெரியாத 11 உடல்களை எடுத்து, 11 பெட்டிகளில் வைத்து, அக்விலேயா ஊரின் பழைய பேராலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மரியா பெர்காமாஸ் என்ற தாயிடம் கொடுத்தார்கள். அவர் மகன் அன்தோனியோ ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்ட பகுதிக்காரன். ஆஸ்திரியப் படையிலிருந்து தப்பி வந்து இத்தாலிக்காகச் சண்டையிட்டு இறந்தவன். அவன் உடலும் கிடைக்கவில்லை. அக்டோபர் 28 அன்று அந்த அம்மாள் பெட்டிகளின் வரிசையில் நடந்து போனார். பத்தாவது பெட்டிக்கு முன் கால் நகரவில்லை. மகன் பெயரைச் சொல்லி அலறி அங்கேயே விழுந்தார். அந்தப் பெட்டிதான் ரோமுக்கு வந்தது. ரயில் வந்த வழியெல்லாம் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஜனங்கள் மண்டியிட்டு நின்றார்கள். நவம்பர் 4 அன்று ராஜாவின் சிலைக்குக் கீழே, ரோமா தேவதையின் உருவத்துக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். மீதி 10 பேரும் அக்விலேயாவிலேயே இருக்கிறார்கள். பின்னாளில் மரியாவையும் அவர்கள் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

என் கருத்து இதுதான்: இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது அந்தப் பெயரில்லாதவர். 1943 செப்டம்பரில் இந்த ராஜாவின் பேரன் தலைநகரை ஜெர்மன் படையிடம் விட்டுவிட்டு ஓடினார். 1946 ஜூன் 2 வாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் குடியரசுக்கு வாக்களித்தார்கள். ராஜ குடும்பத்தின் ஆண் வாரிசுகள் நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள், 2002 வரை அந்தத் தடை இருந்தது. இந்தச் சதுக்கத்தின் ஓரத்து மாடத்திலிருந்துதான் முசோலினி கூட்டத்தைப் பார்த்து முழங்கினார், 1940-இல் போரை அறிவித்ததும் அங்கிருந்துதான். இவ்வளவு நடந்த பிறகு இந்தச் சின்னத்தை வெறுக்க ஜனங்களுக்குக் காரணமா இல்லை? ஆனால் குடியரசின் ஒவ்வொரு ஜனாதிபதியும் ஜூன் 2 அன்று வந்து மலர்வளையம் வைப்பது இங்கேதான். வைப்பது ராஜாவுக்கு அல்ல, கீழே இருப்பவருக்கு. பக்கத்தில் இரண்டு தீபம், இரண்டு காவலர். கொட்டும் மழையிலும் அசையாமல் நிற்பார்கள்.

தீவுக்காரி:

நன்றி தம்பி. என் மகன் பள்ளிக்கூடத்தால் ரோமுக்குப் போய் வந்தபோது இந்த மரியாவின் கதையை வந்து சொன்னான். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017-இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் பந்தலில் இருந்த அம்மாமாரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் சொந்தக்காரி. அவர்களுக்கு ஒரு பெட்டியும் இல்லை. பிறகு நான் ரோமுக்குப் போனபோது ராஜாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தீபத்துக்கு எதிரே நேரம் போவது தெரியாமல் நின்றேன். 1921-இல் ஓர் அரசு ஒரு தாயைக் கூப்பிட்டு, நீயே சொல்லு என்று கேட்டிருக்கிறது. அதை மட்டும் நான் மதிக்கிறேன்.

கல்தச்சன்:

அக்கா, இதைப் படித்த பிறகு பளிங்கின் நிறத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்த இடித்த தெருக்களுக்கான வருத்தம் எனக்குப் போகாது, ஆனால் அடுத்த முறை நானும் அங்கே நிற்பேன்.

கயல்_கோவை:

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூட்ஸ் விஷயத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு சந்தேகம்: வீரரை அங்கே அடக்கம் செய்தார்கள் சரி, ராஜாவின் உடலும் அங்கேதானா? அம்மாவுக்கான வழியையும் யாராவது சொல்லுங்கள்.

பழையவரைபடம்:

ராஜா அங்கே இல்லை. அவர் கல்லறை பாந்தியானில். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், "தேசத் தந்தை" என்று இத்தாலிய மொழியில் பொறித்திருக்கும். ராஜ கல்லறைகளுக்குத் தொண்டர்களே காவல் நிற்கிறார்கள், முன்னால் ஒரு கையெழுத்துப் புத்தகமும் வைத்திருப்பார்கள். முதலில் பாந்தியான், அப்புறம் இங்கே நடந்து வாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

அம்மா விஷயம். முன்பக்கப் படிகளை அவர் முழுதாக ஏற வேண்டாம். தீபம் இருக்கும் தளம் கொஞ்ச உயரத்தில்தான், மெதுவாகக் கையைப் பிடித்து ஏற்றலாம். அதற்கு மேலே போவதற்கு நுழைவாயில் காவலரிடம் முழங்கால் விஷயத்தைச் சொல்லி, படியில்லாத வழி எது என்று கேளுங்கள். பின்பக்கம் 2007-இல் அமைத்த கண்ணாடி லிஃப்ட் இருக்கிறது, உச்சியில் தேர்கள் நிற்கும் தளம் வரை போகும். அதற்கும் அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட், கீழே வெளித் தளங்களுக்கு இலவசம். படியில் உட்கார விடமாட்டார்கள், உட்கார்ந்தால் உடனே விசில் ஊதுவார்கள். அதனால் அம்மாவை ஏறுவதற்கு முன்பே சதுக்கத்தில் எங்காவது நன்றாக உட்கார வைத்து ஓய்வு கொடுங்கள். சாப்பிடுவதும் கூடாது.

நேரம், சாயங்காலம் வெயில் சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால். மேலிருந்து பார்த்தால் கொலோசியத்தின் மேல் நேராக வெளிச்சம் விழும். மறுபக்கம் கோர்சோ வீதி நூல் பிடித்த மாதிரி பியாட்சா தெல் பொப்பொலோவின் தூண் வரை தெரியும்.

சாந்தி_மிலான்:

ஒரு சேர்க்கை. மெட்ரோ சி லைனுக்காகச் சதுக்கத்தின் நடுவே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், பெரிய தடுப்புகள் இருக்கின்றன. நேர் எதிரே நின்று முழுக் கட்டடத்தையும் எடுப்பது கஷ்டம். கோர்சோ முனையிலிருந்தே எடுத்துக்கொண்டு வாருங்கள். டாக்ஸியில் வருவதாக இருந்தால் அராச்செலி பக்கம் இறக்கிவிடச் சொல்லுங்கள், கல்தச்சன் சொன்ன அடுக்குமாடி வீட்டையும் அப்படியே பார்த்துவிடலாம்.

கயல்_கோவை:

மிக்க நன்றி எல்லாருக்கும். பாந்தியான் காலையில், மதியம் ஓய்வு, சாயங்காலம் விட்டோரியானோ என்று மாற்றிவிட்டேன். அருங்காட்சியகம் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று பார்த்து, முதலில் பூட்ஸ், பிறகு லிஃப்ட் என்று வைத்துக்கொள்கிறோம். தீவுக்காரி அக்கா, அம்மா உங்கள் பதிவை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். அந்தத் தீபத்துக்கு முன்னால் பூ வைக்க விடுவார்களா என்று கேட்கிறார்.

தீவுக்காரி:

கிட்டப் போக விடமாட்டார்கள் பிள்ளை, சங்கிலி கட்டியிருக்கும். காவலுக்கு நிற்பவர்களோடு கதைக்கவும் கூடாது. கீழே கேட்டடியில் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அம்மாவைச் சும்மா நின்று கும்பிடச் சொல்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.